கதை கேட்ட ஆங்கில வாத்தியார்!

மொழி தெரியாத ஊரில் பாடம் நடத்துவது லேசான காரியமா, செல்லங்களே?

கிரேக்கத் தீவில் பிறந்த லஃப்காடியோ ஹெர்ன், 1890-ல் ஜப்பானின் மட்சுயே நகரில் ஆங்கில ஆசிரியரானார். வயது 40. இடது கண்ணில் பார்வை இல்லை. ஜப்பானிய மொழியும் தெரியாது. முதல் குளிர்காலத்திலேயே நோயில் படுத்துவிட்டார்.

வீட்டைக் கவனிக்க வந்த செட்சு என்ற பெண்ணுக்கோ ஆங்கிலம் தெரியாது. அவரையே ஹெர்ன் மணந்தார். அரைகுறை ஜப்பானிய மொழியில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள்!

இரவில் விளக்குத் திரியைத் தணித்துவிட்டு, செட்சு பேய்க்கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கக் கூடாது, சொந்த வார்த்தையில்தான் சொல்ல வேண்டும் என்பது ஹெர்னின் கண்டிப்பு. (வகுப்பில் நானும் இதைத்தான் சொல்வேன்!) அப்படிக் கேட்ட கதைகள் பல, 1904-ல் 'க்வைதான்' என்ற ஆங்கில நூலில் வந்தன.

1896-லேயே அவர் ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். மட்சுயேயில் அவர் குடியிருந்த வீடு, கோட்டை அகழிக்கு எதிரே இன்றும் இருக்கிறது.