தாளுக்கு அமைந்த பக்கமும் கைப்பேசித் திரையும்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்து நீலசந்திராவில் குடியேறிய நம் குடும்பங்களில், பள்ளியிலேயே தமிழ் பயிலும் வாய்ப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டுவதில்லை. வீட்டில்தான் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைப்பது நமக்குப் பெரும் பேறு. ஆயினும் அவற்றைக் கைப்பேசியில் திறந்த குழந்தை இரண்டு பக்கத்திற்குள் சலித்துவிடுகிறதே, ஏன்? குறை குழந்தையிடமன்று, பக்கத்தின் அமைப்பில் உள்ளது.

பிடிஎஃப் என்னும் கோப்பு முறையை அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்டது. எந்த இயந்திரத்தில் திறந்தாலும் பக்கம் இம்மியும் மாறாதிருத்தலே அதன் நோக்கம். அச்சிடுவோருக்கு அது வரம். சிறு திரையில் படிப்போருக்கு அதுவே இடர். கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். கைப்பேசித் திரையின் அகலமோ ஏறக்குறைய 70 மில்லிமீட்டர். பக்கத்தை அதற்குள் அடக்கினால் 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகச் சுருங்கும். பெரிதாக்கினாலோ, வரிக்கு வரி திரையை இடமும் வலமும் இழுக்க வேண்டும். ரயில்வே கால அட்டவணை போன்ற அகன்ற பட்டியலில் நிலையத்தின் பெயர் ஒரு கோடியிலும் நேரம் மறு கோடியிலும் நிற்கும். பெயரைப் பார்த்தால் நேரம் மறையும்; நேரத்தைப் பார்த்தால் பெயர் மறையும். ரயில்வேயில் எழுத்தராயிருக்கும் நாம் இதனை நன்கறிவோம்.

தமிழுக்கு மற்றோர் இடையூறும் உண்டு. தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010இல்தான். அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அமைந்த கோப்புகள் பலவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் அகப்படாது; நகலெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வந்து விழும். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவியும் அங்கே தடுமாறும்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. இபப் என்னும் முறையில் வரிகள் திரையின் அகலத்திற்கேற்பத் தாமே மடிந்துகொள்ளும். எழுத்தையும் வேண்டிய அளவு பெரிதாக்கலாம். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தார் ஒரே நூலை ஏ4 பிடிஎஃப், 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப், இபப் எனப் பல வடிவங்களில் வழங்குகின்றனர். இவ்வழியே ஏனையோரும் பின்பற்றத்தக்கது.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்தால் எழுத்து ஏறத்தாழ இருமடங்காகும். குழந்தைக்கு வேண்டிய பாடத்தை மட்டும் தாளில் அச்சிட்டுத் தரலாம். சங்கங்கள் தம் அறிவிப்புகளை, படமெடுத்த கடிதமாக அனுப்பாமல், யூனிகோடு எழுத்தில் நேரே தட்டச்சிட்டு அனுப்பலாம். முதியோருக்கும் அது எளிது. மொழி வீட்டில் நிலைக்க வேண்டுமாயின், முதலில் அது கண்ணுக்கு எட்ட வேண்டுமன்றோ!