தலைநகரின் சதுப்பு நிலமும் நமது வட்டைகளும்

மாரி காலத்தில் வெள்ளத்தால் வருந்தாத கமக்காரர் நாவிதன்வெளிப் பகுதியில் மிகச் சிலரே. பெரும்போகத்துக்கு விதைத்த நெல் வேரூன்றிக் கிளைக்கும் பருவத்தில், வானத்து நீரும் வாய்க்கால் நீரும் ஒன்றாய்க் கலந்து வட்டை முழுவதையும் மூடி நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கிட்டங்கித் தாம்போதி மூழ்கி, கல்முனைக்குச் செல்லும் பாதை துண்டிக்கப்பட்ட மாரிகளும் பல. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து வெள்ளத்தை அம்பாறை மாவட்டத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். இந்நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைச் சிறுபிள்ளையும் சொல்லும். அது போகும் வழியில் எந்த நிலம் அதனைத் தாங்கி நிற்கவேண்டும் என்பதைத்தான் நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. இதனைக் கண்ணாரக் கண்டு கற்பதற்குத் தலைநகரிலேயே ஓர் இடம் உண்டு. அதுவே ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையிலுள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவாகும்.

நமது பகுதிக் கமக்காரர் சிலருடன் இப்பூங்காவுக்குச் சென்றுவரும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. பூங்கா என்றதும் பூச்செடிகளும் புற்றரையும் ஊஞ்சலும் இருக்குமென எண்ணிச் சென்றவர்கள் முதலில் ஏமாற்றமடைந்தனர். ஏறக்குறைய 18 ஹெக்டெயர், அதாவது சுமார் 45 ஏக்கர் பரப்பில், பன்னும் நாணலும் நீர்த்தாவரங்களும் நிறைந்த சதுப்பு நிலமே அங்கு உள்ளது. சுற்றிலும் நகரத்தின் வீடுகளும் வீதிகளும் நெருங்கி நிற்க, நடுவே இந்நிலம் மாத்திரம் நீர் கோத்துக் கிடக்கின்றது. நம்மவருள் வயதில் மூத்த ஒருவர் சிறிது நேரம் பார்த்து நின்றுவிட்டு, "ஐயா, இது வேளாண்மை செய்யத்தக்க பூமி அல்லவா? எதற்காக இப்படிப் பன் வளரவிட்டு வைத்திருக்கின்றார்கள்?" என்று கேட்டார். கமக்காரன் கேட்கவேண்டிய கேள்விதான் அது.

அவர் நினைத்தது சரியே. கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிற் பெரும்பகுதி ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்களாகும். வடிகால் கெட்டு, கூலியாள் கிடைப்பது அரிதாகி, நகரமும் நெருங்கிவரவே அவை படிப்படியாகக் கைவிடப்பட்டன. கைவிடப்பட்ட வயலைக் குப்பையாலும் மண்ணாலும் நிரப்பி மனையாக்குதல் எளிது, விலையும் அதிகம். அவ்வாறே பல ஏக்கர் நிலம் நிரப்பப்பட்டது. நிரப்பப்பட்டவற்றுள் முன்னர் நின்ற நீர் அயலிலுள்ள தெருக்களிலும் வீடுகளிலும் புகுந்தது. 2010 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பெய்த பெருமழையின்போது, தியவன்னா ஓயாவின் நடுவே அமைந்த பாராளுமன்றக் கட்டிடமே வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. நாட்டின் சட்டங்கள் இயற்றப்படும் மண்டபத்தின் வாயிலுக்கே நீர் வந்த பின்னர், எஞ்சிய சதுப்பு நிலங்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. உலக வங்கியின் கடனுதவியுடன் நிறைவேற்றப்பட்ட கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், நகர அபிவிருத்தி அதிகாரசபை பெத்தகானப் பூங்காவை அமைத்து 2016 ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. தலவத்துகொடையிலுள்ள தியசரு பூங்காவும் இவ்வகையினதே.

சதுப்பின் மேற் செல்லுமிடங்களில் பாதைக்காக மண் நிரப்பப்படவில்லை. தூண்களை நாட்டி, அவற்றின் மேற் பலகை பரப்பி நடைபாதை அமைத்திருக்கின்றார்கள். நாம் மேலே நடக்கக் கீழே நீர் தடையின்றி ஓடுகின்றது. மீனும் தவளையும் இப்புறமிருந்து அப்புறம் செல்கின்றன. பறவைகளை அச்சுறுத்தாது மறைந்திருந்து பார்ப்பதற்கான மறைவிடங்களும், மாணவர்களுக்கு விளக்கம் அளிப்பதற்கான கல்வி நிலையமும் உள்ளன. வயலின் குறுக்கே டிராக்டர் செல்வதற்கென மண்ணைக் கொட்டிப் பாதை அமைத்துவிட்டு, அடியில் ஒரு குழாய் வைக்கவும் மறந்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அத்தகையோர் இப்பலகைப் பாதையை ஒருமுறையேனும் பார்க்கவேண்டும்.

கட்டிடம் அமைக்கும்போது நிலத்தின் இயல்பைக் கெடுக்கக்கூடாது என்னும் கொள்கை இன்று பல நாடுகளிலும் கைக்கொள்ளப்படுகின்றது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள ஃபிரிக் பூங்காவில், 2016 ஆம் ஆண்டில் இயற்கைக் கல்வி நிலையமொன்று திறக்கப்பட்டது. அது நகர மக்களின் பொதுச் சொத்து, அனுமதி இலவசம். அதன் வாகனத் தரிப்பிடத்துக்கு மேற் கூரைபோல் அமைந்த சூரியகலங்கள் மின்சாரம் தருகின்றன. கூரையின் விளிம்பிலிருந்து மழைநீர் ஒரு திரைச்சீலை போல விழுந்து கீழேயுள்ள கல் ஓடையை அடைகின்றது. நிலத்தடித் தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 56,000 லீற்றர் மழைநீர் சேமிக்கப்பட்டு, மலசலகூடங்களுக்கும் செடிகளுக்கும் பயன்படுகின்றது. அந்நாட்டிலேயே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் டெப்ஸ் பூங்காவில் 2003 இல் அமைக்கப்பட்ட நிலையம், நகர மின்கம்பியுடன் இணைக்கப்படாமற் சூரிய ஒளியை மாத்திரம் நம்பி நிறுவப்பட்டது. தமிழ்நாட்டிலும் சென்னை அடையாற்றின் கழிமுகத்தருகே, குப்பை கொட்டும் இடமாய்ச் சீரழிந்து கிடந்த 58 ஏக்கர் நிலம் திருத்தப்பட்டு, 2011 சனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. மாணவர்களுக்குச் சுற்றுச்சூழற் கல்வி அளிப்பதே அதன் முதன்மை நோக்கம்.

இவையெல்லாம் பெருநகரங்களுக்கு உரியன என்று தள்ளிவிடவேண்டாம். மழைநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 20 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள ஒரு வீட்டுக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால், விழும் நீர் ஏறக்குறைய 1,400 லீற்றர். சிந்துவதும் ஆவியாவதும் போக 1,100 லீற்றர் தொட்டியிற் சேரும். பத்து லீற்றர்ப் பூவாளியால் நூற்றுப்பத்து முறை நீர் வார்க்கலாம். மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுமேடைகளுக்கு இந்நீர் மிகச் சிறந்தது, உவர்ப்பு இல்லாதது. கரையோரக் கிணறுகளில் உவர் ஏறும் காலத்தில் இதன் அருமை நன்கு விளங்கும். முதல் மழையின் அழுக்கு நீரைத் தொட்டியில் விடாது வெளியேற்றிவிடவேண்டும். தொட்டியின் வாயை நுளம்பு புகாதபடி நுண்ணிய வலையால் மூடுதல் அவசியம். இல்லையேல் நாற்றுடன் டெங்கும் வளரும்.

இனி வெள்ளத்தின் கணக்குக்கு வருவோம். ஓர் ஏக்கர் வயலில் ஓரடி உயரத்துக்கு நீர் நின்றால், அதன் அளவு ஏறக்குறைய 12 இலட்சம் லீற்றராகும். இதையே வேறுவிதமாகச் சொல்வதாயின், வில்லு ஒன்றின் ஓரத்தில் வெறும் கால் ஏக்கர் நிலத்தை இரண்டடி உயரத்துக்கு மண்ணிட்டு நிரப்பினால், அங்கே நின்றிருக்கக்கூடிய 6 இலட்சம் லீற்றர் நீர் வேறிடம் தேடிச் செல்லும். அது தேடிச் செல்லும் இடம் பெரும்பாலும் அயற் கமக்காரனின் வயலேயாகும். ஒருவர் நிரப்பும்போது வேற்றுமை தெரியாது. பத்துப்பேர் நிரப்பிய பின்னர், முன்பு மூன்று நாட்களில் வடிந்த நீர் ஏன் பத்து நாட்கள் நிற்கின்றது என்று கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் வாதிடுவோம். இளம் நெற்பயிர் ஓரிரு நாட்கள் முழுதும் மூழ்கினாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலான இனங்கள் அழுகிவிடும். ஆகவே விளைச்சலைத் தீர்மானிப்பது பெய்த மழையின் அளவு மாத்திரமன்று. வடிவதற்கு எடுக்கும் நாட்களும் ஆகும்.

வயலை நிரப்புதல் சட்டத்துக்கும் மாறானது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதலோ வேறு தேவைக்குப் பயன்படுத்துதலோ கூடாது. கல்முனைக் கரையோரத்தில் மனை நிலம் மிகக் குறைவு என்பதை யாம் அறிவோம். பிள்ளைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டிய பெற்றோரின் இடரும் மெய்யானதே. ஆயினும் தோணாவை ஒடுக்கியும், வடிகாலின் ஒதுக்கீட்டை உழுதும் பெறும் நிலம் ஒவ்வொரு மாரியிலும் தன் விலையை வாங்கிக்கொள்கின்றது.

பெத்தகானவில் நம்மவர் அதிக நேரம் நின்று பேசியது அழகிய பறவைகளைப் பற்றியன்று, களைகளைப் பற்றியேயாகும். அங்குள்ள சதுப்புகளிற் பரவி இடர் விளைக்கும் மரமொன்று, அன்னமுன்னா இனத்தைச் சேர்ந்தது. அன்னமுன்னா ஒட்டுவதற்கு ஒட்டுக்கட்டையாகப் பல நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அது, சென்ற இடமெல்லாம் சதுப்பை ஆக்கிரமித்துக்கொண்டது. சல்வீனியாவின் கதையும் இத்தகையதே. 1939 இல் தாவரவியற் கல்விக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட இந்நீர்க்களை, சில ஆண்டுகளுள் வயல்களையும் கால்வாய்களையும் மூடிற்று. 1986 இல் இதனை மாத்திரம் தின்னும் இரண்டு மில்லிமீற்றர் அளவான ஒருவகைக் கூன்வண்டு நாட்டில் விடப்பட்ட பின்னரே பல இடங்களில் அது அடங்கியது. நமது கிட்டங்கி நீர்ப்பரப்பை மூடும் ஆற்றுவாழையோ இன்னும் பழையது. அதனை ஒழிப்பதற்கென 1909 இலேயே இந்நாட்டிற் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்துக்கு அஞ்சி ஆற்றுவாழை ஒழியவில்லை என்பது வேறு விஷயம்.

ஆற்றுவாழையை அகற்றும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டால், அடுத்த மழை அதனை மீண்டும் நீரில் இறக்கிவிடும். கரையிலிருந்து தூர எடுத்துச் சென்று சில நாட்கள் வாடவிடல் வேண்டும். அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரேயாதலால், வாடியபின் சுமை வெகுவாகக் குறையும். பின்னர் வைக்கோல், சாணம் என்பவற்றுடன் அடுக்கிக் கூட்டெருவாக்கலாம். பொட்டாசியம் சேர்ந்த எருவாதலால் மரக்கறிப் பாத்திகளுக்கு ஏற்றது. சாக்கடை நீர் கலக்கும் இடங்களில் வளர்ந்ததைக் கீரைப் பாத்திகளுக்கு இடாதிருப்பது நன்று.

பறவைகளையும் விலங்குகளையும் பற்றிச் சிறிது கூறவேண்டும். கொழும்புச் சதுப்புகளில் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் இன்றும் வாழ்கின்றன என்பது நம்பற்கரிய உண்மை. கொக்கு, நாரை, நீர்க்காகம் முதலியன நமக்குப் பழக்கமானவையே. நீலத் தாழைக்கோழி அங்கு எல்லோர் மனத்தையும் கவர்ந்தது. அது நெற்பயிரை மிதித்துக் கடித்து நாசஞ் செய்வதை அறிந்த நம்மவர் மாத்திரம் அதனைப் புகழவில்லை. நியாயமே. ஆயினும் தும்பியும் சிலந்தியும் தவளையும் நமது பகையல்ல. கபிலநிறத் தத்தியை உண்டு கட்டுப்படுத்துவோருள் சிலந்திகள் முதன்மையானவை. தேவையற்ற பருவத்தில் பூச்சிகொல்லி விசிறும்போது முதலில் மடிபவை அவையே. சில வாரங்களில் தத்தி முன்னிலும் பன்மடங்காகப் பெருகும். இளம் பயிரில் இலைச் சேதத்தைக் கண்டவுடன் தெளிகருவியைத் தோளிலேற்றாது, தூரில் எத்தனை தத்தி, எத்தனை சிலந்தி என்று குனிந்து எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971 ஆம் ஆண்டில் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் ஓர் உலக உடன்படிக்கை ஏற்பட்டது. நமது மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள குமண, 2010 இல் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 2018 இல் துபாயில் நடைபெற்ற மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. கமக்காரர் அறிந்திருக்கவேண்டிய செய்தி இவ்விரண்டினும் வேறானது. இவ்வுடன்படிக்கையின் கணிப்பில் நெல்வயலும் ஓர் ஈரநிலமேயாகும். 2008 இல் கொரியாவிற் கூடிய மாநாடு நெல்வயல்களைக் குறித்துத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. வரம்பு கட்டி நீர் நிறுத்திய வயல், நெல் தருவதோடு வெள்ளத்தையும் தாங்குகின்றது. நிலத்தடி நீரையும் ஊட்டுகின்றது. "சும்மா கிடக்கும்" வில்லில் பன் அறுத்துப் பாய் இழைக்கும் குடும்பங்களும், வரால் பிடித்து விற்போரும் அந்நிலத்தின் பயனைச் சொல்லாமலே காட்டுகின்றனர்.

பூங்காவைக் கண்டு திரும்பிய கமக்காரர் சிலர், தமது வட்டையின் வடிகாலை மாரிக்கு முன்னர், புரட்டாதி மாதத்துள், சிரமதானமாகத் துப்புரவு செய்யத் தீர்மானித்துள்ளனர். வடிகாலின் இரு கரையிலும் உழவு ஏறாத ஒதுக்கீட்டை எல்லைக்கல் பார்த்து அளந்து, கம்பு நாட்டிக் குறிப்பது முதல் வேலை. அதன்பின் ஆற்றுவாழை அகற்றல். ஈற்றில் மண் எடுத்தல். எடுத்த மண்ணை வில்லின் பக்கம் கொட்டாது வரம்புகளைப் பலப்படுத்தப் பயன்படுத்துக. எல்லை பற்றிப் பிணக்கு எழுமாயின், மண்வெட்டி எடுப்பதற்கு முன்னர் கமநல சேவை நிலையத்தில் முறையிட்டு அளவை செய்வித்துக்கொள்க.

பெத்தகானவுக்குச் செல்ல விரும்பும் கமக்காரர் அமைப்புகள் பாடசாலைப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். கல்முனையிலிருந்து இரவு பஸ்ஸிற் புறப்பட்டால் விடியற்காலையிற் கொழும்பை அடையலாம். பறவைகளைப் பார்ப்பதற்கும் காலை வேளையே ஏற்றது. நுழைவுக் கட்டணம் உண்டு. தொப்பியும் குடிநீரும் எடுத்துச் செல்க. பொலித்தீன் பைகளை வீட்டிலேயே விட்டுச் செல்க.