ஒரு சொட்டுப் பாலில் மாட்டின் ஜாதகம்! தெரியுமா?

வடசென்னை எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே, கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தாலும் அசையாமல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல், வலி என்று அது வாய் திறந்து சொல்லாது. ஆனால் அதன் பாலும் ரத்தமும் கண்ணீரும் பேசும்! என்னென்ன பேசும் தெரியுமா?

பால் வரையும் நீல வளையம்!

சினை மாடு திடீரென்று கன்று வீசுகிறதா? புருசெல்லா கிருமியின் வேலையாக இருக்கலாம். ஒரு மில்லி பால், அதில் நீலச் சாயம் ஏற்றிய செத்த கிருமிகள் ஒரு துளி. உடல் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். நோய் இல்லாவிட்டால் பால் நீலமாக நிற்கும், ஆடை வெள்ளையாக மிதக்கும். நோய் இருந்தால்? பாலில் உள்ள எதிர்ப்பொருள் சாயக் கிருமிகளைப் பிடித்துக்கொண்டு கொழுப்போடு மேலே ஏறிவிடும். பால் வெளுக்கும், உச்சியில் நீல வளையம்! பல மாட்டுப் பால் கலந்த கேனிலிருந்தே மந்தையை மோப்பம் பிடிக்கலாம். இந்தச் சாயக் கிருமி மருந்து ராணிப்பேட்டையில், 1932-இல் தொடங்கிய அரசு நிறுவனத்தில் தயாராகிறது.

செத்த மாட்டை அறுக்கவே கூடாது!

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய் என்று சந்தேகம் வந்தால் கத்தி வைக்கக் கூடாது. காற்றுப் பட்டதும் கிருமி விதை போல ஓடு கட்டிக்கொண்டு மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். காது ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும். மெத்திலீன் நீலச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நீலக் குச்சிகள், சுற்றி இளஞ்சிவப்புப் போர்வை! காய்ந்த தோலில்கூட இந்நோயின் தடயத்தைக் கண்டுபிடிக்க 1911-லேயே அஸ்கோலி என்ற ஆய்வாளர் வழி சொல்லிவிட்டார்.

மாடே சோதனைக் குழாய்!

காசநோய்க்கு ஆய்வுக்கூடம் மாட்டின் கழுத்திலேயே இருக்கிறது. தோலுக்குள் 0.1 மில்லி டியூபர்குலின் என்ற சோதனை மருந்து. 72 மணி நேரம் கழித்துக் காலிப்பர் வைத்து அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் தடித்திருந்தால் ஆபத்து! இன்னொன்று: உங்கள் கையில் தழும்பு வைத்த பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசி, மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடம், 230 முறை வளர்த்து வளர்த்துச் சாதுவாக்கிச் செய்தது! கிண்டியில் 1948 முதல் இந்தத் தடுப்பூசிக்கென்றே ஓர் ஆய்வகம்.

ஊசியா, நோயா?

கோமாரி ஊசி போட்ட மாட்டுக்கும் கோமாரி வந்து போன மாட்டுக்கும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கும். பிரிப்பது எப்படி? வைரஸ் உடம்பில் பெருகும்போது கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது போலச் சில புரதங்களை உண்டாக்கும். சுத்திகரித்த ஊசி மருந்தில் அந்தச் சாரம் இல்லை. ரத்தத்தில் அதன் தடயம் தெரிந்தால் வந்தது நோய்தான்! சில மாடுகள் குணமான பிறகும் தொண்டையில் வைரஸை மாதக்கணக்கில் ஒளித்து வைத்திருக்கும். நீளக் கம்பியில் சின்னக் கிண்ணம் கட்டித் தொண்டைக்குள் விட்டுச் சுரண்டி எடுப்பார்கள்.

கண்ணீரில் தெரிந்த கொள்ளை நோய்!

மந்தை மந்தையாக மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயை, மாட்டின் கண்ணீர்த் துளியை வைத்துத் தொழுவத்திலேயே கண்டுபிடிக்க ஒரு சோதனைப் பட்டை வந்தது. ஆனால் ‘நோய் ஒழிந்தது’ என்று நிரூபிப்பது? அதற்கு முதலில் தடுப்பூசியையே நிறுத்த வேண்டியிருந்தது! ஊசியின் எதிர்ப்பொருளை நோயினுடையதிலிருந்து பிரிக்க அப்போது வழியில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்கள், வருடக்கணக்கில் மாடுகளின் ரத்தம் எடுத்து நோயைத் தேடினார்கள். இந்தியாவில் கடைசி நோய் 1995-இல். உலகமே விடுபட்டதாக அறிவித்தது 2011-இல். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த ஒரே நோய் இதுதான்! ஆய்வுக்கூட வரலாற்றிலேயே பெரிய சேதி எது தெரியுமா? ‘ஒன்றும் இல்லை.’

எர்ணாவூருக்கு அதிக தூரமில்லாத மாதவரத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நோய் ஆய்வு மையம் இருக்கிறது. மாடு கன்று வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாடு வைத்திராதவர்களுக்கு ஒரே வேலை: பச்சைப் பாலைக் குடிக்காமல் பொங்கப் பொங்கக் காய்ச்சுங்கள். புருசெல்லாவும் காசநோய்க் கிருமியும் அந்தச் சூட்டிலேயே காலி!