முழங்கால் தாங்கும் பாரம்

உதைபந்தாட்ட மைதானத்தில் வேகமாக ஓடிய இளைஞன் சட்டென்று திரும்புகின்றான். மறுகணம் முழங்காலைப் பற்றிக்கொண்டு வீழ்கின்றான். சில மாதங்களின் பின், சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்புகின்றான். "காலை ஊன்றாதே தம்பி, மெல்ல நட" என்கின்றாள் தாய். அன்பினால் எழும் அவ்வார்த்தை எவ்வளவு காலத்துக்குப் பொருந்தும்?

தொடையெலும்பையும் கணைக்காலெலும்பையும் பிணைக்கும் நார்களுள் இரண்டு, மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்கின்றன. அவற்றுள் முன்புறக் குறுக்கு நார், கணைக்காலெலும்பு முன்னே வழுக்கிவிடாது தடுப்பது. அது அறுந்தால் பழைய பலத்தோடு தானே பொருந்துவது அரிது. ஆகவே நோயாளியின் தொடைப் பின்தசையிலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ ஒரு துண்டு நாணை எடுத்து வைத்தியர்கள் அவ்விடத்திற் பொருத்துகின்றனர். 1917ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேய சத்திரவைத்தியர் ஹே குரோவ்ஸ் தொடையின் வெளிப்புற நார்ப்பட்டையைக் கொண்டு இத்தகைய சிகிச்சை செய்தார்.

நார் புதிதாயிற்று, நடையோ பழைய நடையாவதில்லை. பாதம் நிலத்திற் படும்போது முழங்கால் சற்றே மடிந்து அதிர்ச்சியை ஏற்கின்றது. அவ்வேளையில் கால் மடங்கி வீழாது தாங்குவது தொடையின் முன்தசை. சத்திரசிகிச்சையின் பின் இத்தசை மெலிகின்றது. மூட்டில் வீக்கம் உள்ளவரை, எவ்வளவு முயன்றாலும் நரம்புகள் அதனை முழுமையாக இயங்கவிடுவதில்லை. எனவே இளைஞன் முழங்காலை விறைப்பாக வைத்து நடக்கின்றான். முன்தசையும் பின்தசையும் ஒருங்கே இறுகி மூட்டைப் பிடித்துக்கொள்கின்றன. பாரத்தின் ஒரு பங்கு மற்றக் காலுக்கு மாறுகின்றது. இவற்றை அவன் அறிவதேயில்லை.

இதனை அறிஞர் எவ்வாறு அளக்கின்றனர்? தோலின்மீது ஒட்டிய மின்வாய்கள், தசை இயங்கும்போது எழும் மெல்லிய மின்னோட்டத்தைப் பதிவு செய்கின்றன. தரையிற் பதித்த தட்டு, பாதம் அழுத்தும் விசையை அளக்கின்றது. கமராக்கள் மூட்டின் அசைவைப் பிடிக்கின்றன. இம்மூன்றையும் சேர்த்து மூட்டின் உள்ளே விழும் பாரத்தைக் கணிக்கின்றனர். சாதாரண நடையிலேயே அது உடலின் நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்காகும்.

அமெரிக்காவின் டெலவெயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது. சிகிச்சை பெற்ற ஒரு சிறு தொகையினரை அவர்கள் ஐந்தாண்டுகள் கவனித்தனர். ஐந்தாம் ஆண்டில் மூட்டுத் தேய்வின் அறிகுறி காட்டியவர்கள், சிகிச்சையின் பின் ஆறாம் மாதத்தில் அம்மூட்டுக்குக் குறைந்த பாரம் கொடுத்து நடந்தவர்களே! ஒன்றோடு ஒன்று சேர்ந்து காணப்படுவதால் மட்டும் இது அதற்குக் காரணமென்று துணிந்துவிடலாகாது. எனினும், பாரமே மூட்டைத் தேய்க்கும் என்று எண்ணியிருந்த நம்மை இது சிந்திக்க வைக்கின்றது. எலும்பு முனைகளைப் போர்த்திருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. அமுங்கியும் விரிந்தும், மூட்டு நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகின்றது. அளவான பாரம் அதற்கு உணவு போன்றது.

இதற்காக அவசரப்பட்டு மைதானத்துக்கு ஓடுவதும் தவறு. நோர்வே நாட்டில் நடந்து, அதே 2016இல் வெளிவந்த மற்றோர் ஆய்வின்படி, ஒன்பது மாதம் வரை விளையாட்டைப் பின்போடும் ஒவ்வொரு மாதமும் மீண்டும் காயமுறும் வாய்ப்பை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்தது. அக்காலத்தை வீணே கழிக்காது, வைத்தியர் விதித்த பயிற்சியினால் முன்தசையை மற்றக் காலின் பலத்துக்குக் கொண்டுவருதல் வேண்டும். பயிற்சி சலிப்பூட்டுவதுதான், பாதியில் விடுவோர் பலர். இங்கேதான் வீட்டாரின் துணை வேண்டியிருக்கின்றது.

வைத்தியர் அனுமதித்த பின், தாய் சொல்லவேண்டிய வார்த்தையும் மாறவேண்டும்: "இரண்டு காலையும் ஒரேயளவாய் ஊன்றி நட, தம்பி!"