வைக்கோலை வறுத்து எரித்தால் புகை குறையுமா?

அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். அடுத்து கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் இடைவெளி என்பதால் விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அந்தப் புகை டெல்லிக் குழந்தைகளின் நெஞ்சு வரை போகிறது.

இதற்கு ஒரு மாற்றாக, நிலக்கரி அனல்மின் நிலையங்கள் 5 சதவீதம் தாவரக் கழிவு எரிபொருளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் ஒன்றிய மின்துறை அமைச்சகம் கொள்கை வகுத்தது. யாசீன் சூராவின் 80-வது வசனத்தை ஓதும் நமக்கு, பச்சை மரத்தில் அடங்கிய நெருப்பு புதிய செய்தி அல்ல. சிக்கல் என்னவென்றால், வைக்கோல் நார் நாராக இருக்கும். நிலக்கரி அரைக்கும் ஆலையில் சரியாகப் பொடியாகாது. ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

ஆகவே அதை வறுக்கிறார்கள். காற்று அதிகம் புகாத கலனில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் வைக்கோல் கறுத்து, நொறுங்கும் பதத்துக்கு வரும். காப்பிக்கொட்டை வறுப்பதைப் போன்றதுதான். இதை 'டோரிஃபேக்‌ஷன்' என்கிறார்கள். எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் போனாலும், எரிசக்தியில் சுமார் 90 சதவீதம் தங்கிவிடும்.

சரி, புகைபோக்கி வழியாக என்ன வெளிவரும்? பெரிய கொதிகலனில் நேரடியாகச் சோதித்துப் பார்ப்பது செலவும் ஆபத்தும் நிறைந்தது. எனவே முதலில் கணினியில் 'சிமுலேஷன்' செய்கிறார்கள். உலையின் உட்பகுதியை லட்சக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், காற்றின் வேகம், ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றைக் கணக்கிடுவார்கள். எரிபொருள் துகள் ஒவ்வொரு கட்டத்தையும் கடக்கும்போது முதலில் ஈரம் காயும், பிறகு எரிவாயுக்கள் வெளியேறும், கடைசியில் மிஞ்சிய கரி எரியும். காற்று போதாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு மிஞ்சும். வெப்பம் மிகுந்த இடத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனே நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். கந்தகம் மட்டும் நிலக்கரியைவிட வைக்கோலில் பொதுவாகக் குறைவு. காற்றை எந்தத் துளை வழியாக, எவ்வளவு விட வேண்டும் என்பதை இப்படி முன்கூட்டியே பார்க்க முடிகிறது.

ஆனால் கணினி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. பல கணக்குகளில் துகளை உருண்டையாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வைக்கோல் துகள் நீள நீளமாக இருக்கும், எரியும் நேரமும் மாறும். சோதனை உலையில் அளந்த எண்களோடு ஒப்பிடாத சிமுலேஷனைப் படம் என்றுதான் நாம் சொல்வோம். 'பசுமை எரிபொருள், புகையே வராது' என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

வறுத்தாலும் போகாத ஒன்று பொட்டாசியம். அது சாம்பலைக் குறைந்த வெப்பத்திலேயே உருகவைத்து, கொதிகலன் குழாய்களில் படியச் செய்கிறது. ஒரு பகுதி நுண்துகளாகப் புகையோடு வெளியேறுகிறது. மழையில் நனைந்து கிடந்த வைக்கோலில் பொட்டாசியம் குறைவு. ஆனால் கோதுமை விதைக்க அவசரப்படும் பஞ்சாப் விவசாயிக்கு மழைக்காகக் காத்திருக்க நேரம் ஏது? கழுவிக் காயவைத்து வறுக்கலாம். அதற்கான தண்ணீரும் செலவும் யார் தலையில் என்பதைக் கணினி சொல்லாது.