இறங்கும் வீட்டு விலை ஏன் கண்ணுக்குத் தெரிவதில்லை?

2007 ஜூலையில் அயர்லாந்தில் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் கேட்டன. டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜின் பொருளாதாரப் பேராசிரியர் மோர்கன் கெல்லி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விலை திரும்பத் தொடங்கினால், பணவீக்கத்தைக் கழித்த கணக்கில் நாட்டின் வீட்டு விலை எட்டு ஒன்பது ஆண்டுகளில் 40 முதல் 60 விழுக்காடு வரை இறங்கக்கூடும் என்பது அவர் முடிவு. அதே மாதம் தொழிற்சங்க மாநாடு ஒன்றில் பேசிய பிரதமர் பெர்ட்டி அஹெர்ன், பொருளாதாரத்தைப் பற்றி ஓரமாக உட்கார்ந்து புலம்புகிறவர்கள் ஏன் தற்கொலை செய்துகொள்ளாமல் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு மன்னிப்பும் கேட்டார்.

கெல்லி ஜெயித்தார், அஹெர்ன் தோற்றார் என்று கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இதில் வேடிக்கையான விஷயம் வேறு. விலை இறங்குமா, இறங்காதா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த ஜூலையில், விலை ஏற்கெனவே இறங்கத் தொடங்கியிருந்தது. பின்னாளில் அரசுப் புள்ளியியல் அலுவலகம் தொகுத்த குறியீட்டெண்படி உச்சம் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அன்று நான்கில் மூன்று குடும்பங்கள் சொந்த வீட்டில் இருந்த நாட்டுக்கு, தன் வீடுகளின் விலை எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியாமல் போனது?

பங்குச் சந்தையில் இந்தக் குழப்பம் வராது. ஒரு நிறுவனத்தின் பங்குகள் எல்லாம் ஒன்றுபோல. ஒன்று விற்றாலே மற்றவற்றின் விலையும் தெரிந்துவிடும். வீடு அப்படியல்ல. ஒரே தெருவில், ஒரே ஆண்டில் கட்டிய இரண்டு வீடுகள்கூட ஒரே விலைக்குப் போவதில்லை. அதோடு, எந்த ஆண்டிலும் கைமாறுவது மொத்த வீடுகளில் மிகச் சிறிய பங்குதான். மீதி வீடுகளின் ‘விலை’ என்பது அந்தச் சில விற்பனைகளை வைத்து நாம் செய்யும் ஊகம்.

அந்தச் சில விற்பனைகளையும் எந்தக் கட்டத்தில் எண்ணுவது? விற்பவர் விளம்பரத்தில் கேட்கும் விலை ஒன்று. வங்கி கடனுக்கு ஒப்புக்கொள்ளும்போது எழுதும் விலை இன்னொன்று. பத்திரம் பதிவாகும்போது வரும் விலை மூன்றாவது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடும். அன்றைய அயர்லாந்தில் பதிவான விற்பனை விலை பொதுமக்கள் பார்வைக்கே வரவில்லை. அதற்கான பொதுப் பதிவேடு 2012-ல்தான் வந்தது. அதுவரை மக்கள் கையில் இருந்தவை, ஒரு வங்கி தன் கடன் கணக்குகளை வைத்து ஆய்வு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து வெளியிட்ட குறியீட்டெண்ணும், இணைய விளம்பரங்களின் கேட்பு விலையும்தான். ஆளுக்கொரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, இரு தரப்புமே ‘தரவு எங்கள் பக்கம்’ என்று வாதிட வழி இருந்தது.

நல்ல தரவு இருந்தாலும் சராசரி ஏமாற்றும். ஒரு ஊரில் ஒரு மாதம் 10 வீடுகள் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 6 சிறிய வீடுகள், ஒவ்வொன்றும் 3 லட்சம் யூரோ. 4 பெரிய வீடுகள், ஒவ்வொன்றும் 8 லட்சம். சராசரி 5 லட்சம். அடுத்த மாதம் எல்லா வீடுகளின் விலையும் 10 விழுக்காடு விழுகிறது. சிறியது 2.7 லட்சம், பெரியது 7.2 லட்சம். கடன் கிடைக்காமல் முதல் வீடு வாங்குகிறவர்கள் ஒதுங்கிவிட, 2 சிறிய வீடுகளும் 6 பெரிய வீடுகளும்தான் விற்கின்றன. இப்போது சராசரி ஏறத்தாழ 6.1 லட்சம்! ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் விலை விழுந்திருக்கிறது. நாளிதழோ ‘வீட்டு விலை 20 விழுக்காடு உயர்வு’ என்று தலைப்புப் போடலாம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தான், ஒரே வீடு இரண்டாம் முறை விற்கும்போது என்ன விலைக்குப் போனது என்று மட்டும் பார்க்கும் முறை வந்தது. அமெரிக்காவின் கார்ல் கேஸ், ராபர்ட் ஷில்லர் இருவரும் 1980-களில் இதைச் செம்மைப்படுத்தினார்கள். நெதர்லாந்தின் பீட் ஐக்ஹோல்ட்ஸ் இதே முறையில் ஆம்ஸ்டர்டாமின் ஹேரன்கிராக்ட் கால்வாய்க்கரை வீடுகளை 1628-லிருந்து 1973 வரை பின்தொடர்ந்தார். நகரத்தின் மிகச் செல்வாக்கான கரை அது. அங்கேகூட, பணவீக்கத்தைக் கழித்தால், ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டில் வீட்டு விலை சுமார் இரண்டு மடங்குதான் ஆனது. நடுவில் தலைமுறைக் கணக்கில் நீண்ட சரிவுகளும் உண்டு. மண்ணில் போட்ட காசு வீண்போகாது என்கிற நம்பிக்கைக்கு இவ்வளவு நீளமான சோதனை வேறெங்கும் நடந்ததாகச் சொல்வது கடினம்.

அளவுகோல்கள் போகட்டும், விற்கிறவர் மனம் எப்படி வேலை செய்கிறது? பாஸ்டன் நகர மையத்தின் அடுக்குமாடி வீடுகளை 1990 முதல் 1997 வரை ஆராய்ந்த டேவிட் ஜெனஸோவும் கிறிஸ்டோபர் மேயரும் 2001-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே 1980-களின் இறுதியில் விலை உச்சத்துக்குப் போய், பிறகு விழுந்திருந்தது. உச்சத்தில் வாங்கியவரும் அதற்கு முன் மலிவாக வாங்கியவரும் இப்போது ஒரே மாதிரி வீட்டை விற்க வருகிறார்கள். சந்தை இருவருக்கும் ஒரே விலைதான் தரும். ஆனால் நட்டத்தில் விற்க வேண்டியவர், அந்த நட்டத்தில் 25 முதல் 35 விழுக்காட்டைக் கேட்பு விலையில் ஏற்றிவைத்தார். ஒரு லட்சம் டாலர் நட்டம் என்றால், சந்தை விலைக்கு மேல் 25,000 முதல் 35,000 டாலர் வரை கூடுதலாகக் கேட்டார். அதில் ஒரு சிறு பகுதி கிடைக்கவும் செய்தது. ஆனால் வீடு விற்காமல் கிடந்த காலமும் நீண்டது. சம்பாதித்ததன் சந்தோஷத்தைவிட இழந்ததன் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் சொன்னதற்கு இது செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கிடைத்த சான்று.

ஆகவே வீட்டுச் சந்தையில் சரிவு முதலில் விலையில் தெரிவதில்லை, எண்ணிக்கையில் தெரிகிறது. வாங்குகிறவர் குறைத்துக் கேட்கிறார்; விற்கிறவர் இறங்கிவர மறுக்கிறார்; பேரம் முடிவதே இல்லை. முடியாத பேரம் எந்தப் புள்ளிவிவரத்திலும் விலையாகப் பதிவாகாது. விற்ற சில வீடுகளோ நல்ல விலைக்குப் போனவை. ‘சந்தை கொஞ்சம் மந்தம், விலை மட்டும் நிலையாக இருக்கிறது’ என்ற தரகரின் பேச்சு பல நேரம் உண்மையாகவே இருக்கும். விலை நிலைத்திருக்கும் உண்மைக்குள்ளேயே சரிவும் ஒளிந்திருக்கும்.

அயர்லாந்தில் அந்த மந்தத்துக்குக் காரணங்களும் தாராளமாகக் கிடைத்தன. தேர்தல் வருகிறது, முத்திரைத் தீர்வையைக் குறைக்கப்போகிறார்கள், அதனால்தான் வாங்குகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார்கள். 2007-ல் முதல் வீடு வாங்குகிறவர்களுக்குத் தீர்வை ரத்தானது. சந்தை எழுந்திருக்கவில்லை. மக்கள்தொகை சுமார் 42 லட்சம். 2006-ல் மட்டும் கட்டி முடித்த வீடுகள் ஏறத்தாழ 90,000. அதே ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில் நாட்டின் வீடுகளில் 15 விழுக்காடு ஆளில்லாமல் இருந்தன. அதற்கும் ‘பல விடுமுறை வீடுகள்’ என்று பதில் இருந்தது. வங்கிகளின் கணிப்பும், மத்திய வங்கியின் நிதி நிலைத்தன்மை அறிக்கைகளும் ‘சாஃப்ட் லேண்டிங்’ என்றே பேசின: விலை ஏற்றம் மெல்லத் தணிந்து, சேதாரமில்லாமல் சமநிலைக்கு வந்துவிடும் என்று பொருள். அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஇ 2007 ஏப்ரலில் வீட்டுச் சந்தை சரிந்தால் என்ன ஆகும் என்று ஓர் ஆவணப்படம் காட்டியபோது, பொறுப்பில்லாமல் பீதி கிளப்புகிறார்கள் என்று பாய்ந்தார்கள்.

கெல்லி எதை வைத்துப் பேசினார்? மந்திரம் எதுவும் இல்லை. 1970-லிருந்து வளர்ந்த நாடுகளில் வந்த வீட்டு விலை ஏற்றங்களையும் அவற்றைத் தொடர்ந்த இறக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏற்றத்தில் கிடைத்ததில் சுமார் 70 விழுக்காட்டை அடுத்த இறக்கம் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்ற ஒழுங்கு தெரிந்தது. அயர்லாந்தில் பத்தாண்டுகளில் புது வீட்டின் சராசரி விலை மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது. மீதி, கூட்டல் கழித்தல்தான்.

நம்பிக்கை குலையக் கூடாது என்று அரசியல்வாதிகள் பதறியதை முழு முட்டாள்தனம் என்றும் தள்ள முடியாது. கேஸும் ஷில்லரும் 1988-ல் நான்கு அமெரிக்க நகரங்களில் புதிதாக வீடு வாங்கியவர்களிடம் கேட்டபோது, விலை வேகமாக ஏறிக்கொண்டிருந்த கலிபோர்னியாக்காரர்கள், இது இப்படியே பல ஆண்டுகள் ஏறும் என்று எதிர்பார்த்தார்கள். அமைதியான மில்வாக்கியில் அந்த எதிர்பார்ப்பு மிகவும் குறைவு. ஆக, நேற்றைய ஏற்றமே நாளைய ஏற்றத்துக்கான நம்பிக்கை ஆகிறது. அந்த நம்பிக்கையில் வாங்குவதால் விலை ஏறுகிறது. ஏறியதைப் பார்த்து அடுத்தவர் வாங்குகிறார். வீட்டு விலை தேர் மாதிரி: கிளம்பவும் நேரம் பிடிக்கும், கிளம்பிவிட்டால் நிறுத்தவும் முடியாது.

ஆனால் நம்பிக்கையே விலையை ஏற்றுகிறது என்றால், நம்பிக்கையைக் காப்பாற்றுவது என்பது விலை ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு பெயர். விலை அப்படியே நின்றாலே போதும், ஏறும் என்று நம்பி வாங்கியவரின் கணக்கு உடைந்துவிடும். 2005-லிருந்து அயர்லாந்து வங்கிகள் வீட்டின் முழு விலைக்கும், அதாவது 100 விழுக்காடு, கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. வாங்கியவர் கையிலிருந்து ஒரு யூரோவும் போடவில்லை என்றால், விலை 5 விழுக்காடு இறங்கினாலே வீட்டின் மதிப்பைவிடக் கடன் பெரிதாகிவிடும். அங்கிருந்து நம்பிக்கை எதிர்த்திசையில் அதே வேகத்தோடு ஓடும். இன்னும் இறங்கும் என்று வாங்குகிறவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பே இன்னும் இறக்குகிறது.

நடந்தது இதுதான். 2008 செப்டம்பர் இறுதியில், தடுமாறிய வங்கிகளின் கடன்களுக்கு அரசு பொறுப்பேற்றது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் உதவி கேட்டு, 85 பில்லியன் யூரோ திட்டத்துக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது. பாதியில் நின்ற குடியிருப்புகள் 2,800-க்கும் மேல் நாடெங்கும் கிடந்தன. 2013 தொடக்கத்தில் விலை அடிமட்டத்தைத் தொட்டபோது, உச்சத்திலிருந்து பாதிக்கும் மேல் போயிருந்தது. டப்ளின் அடுக்குமாடி வீடுகளில் இழப்பு இன்னும் அதிகம். கெல்லி சொன்ன வரம்புக்குள்தான், அவர் சொன்னதைவிட வேகமாக. வங்கி நெருக்கடியை விசாரித்த பின்லாந்துக்காரர் பீட்டர் நைபெர்க் 2011-ல் கொடுத்த அறிக்கையில், கூட்டத்தோடு ஓடும் மனநிலையையும், எல்லோரும் ஒரே மாதிரி யோசித்ததையும், மாற்றுக் குரல்களுக்கு இடமில்லாமல் போனதையும் காரணங்களாகக் காட்டினார்.

2022-ல் அயர்லாந்தின் குறியீட்டெண் 2007-ன் உச்சத்தைத் தாண்டியது. ‘பார்த்தீர்களா, வீடு எப்போதும் கைவிடாது’ என்று ஒரு தரப்பு சொல்லலாம். இடையில் பதினைந்து ஆண்டுகளின் பணவீக்கத்தைக் கழித்தால் பழைய உச்சம் இன்னும் எட்டாத தூரம் என்று மறு தரப்பு சொல்லலாம். இரண்டும் சரி, இந்தச் சண்டை ஓயாது. அதனால்தான் அயர்லாந்தின் மத்திய வங்கி 2015-ல், விலை ஏறுமா இறங்குமா என்ற ஜோசியத்தை விட்டுவிட்டு, வருமானத்தின் எத்தனை மடங்கு வரை, வீட்டு விலையில் எத்தனை விழுக்காடு வரை கடன் கொடுக்கலாம் என்று வரம்பு கட்டியது. விலையை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணிப்பு தப்பினால் எவ்வளவு நட்டத்தைத் தாங்க முடியும் என்பதை மட்டும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.