கண்ணாடியிழைத் தகடுகளை மோட்டார் வண்டியில் ஒட்டுதல்

1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரோலே கார்வெட் வண்டியின் மேற்கூடு, கண்ணாடியிழையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த தகடுகளால் ஆனது. இத்தகைய தகடுகளை எஃகுச் சட்டத்துடன் ஒட்டுவதற்கு மிகவும் கெட்டியாக இறுகும் பசையே சிறந்தது எனக் கருதுவது தவறாகும்.

வெப்பநிலை 50 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் ஒரு மீட்டர் எஃகு சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளுகிறது. கண்ணாடியிழைத் தகடு பெரும்பாலும் அதனினும் மிகுதியாக நீளும். விறைப்பான எபாக்சிப் பசை மெல்லிய படலமாக இருப்பின், இவ்வேறுபாட்டால் எழும் விசை ஓரங்களில் குவிந்து, அங்கே பிளவு தொடங்கக்கூடும். ஆதலால் அகன்ற தகடுகளுக்கு, ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் பசையை 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் இடுதல் நலம். இக்கனம் குறையாதிருக்க, இடையிடையே சிறு ரப்பர்த் துண்டுகளை வைக்கலாம்.

தகட்டில் படிந்துள்ள அச்சு மெழுகை முதலில் கரைப்பானால் துடைத்தெடுத்து, பின்னரே உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முறை மாறினால் மெழுகு கீறல்களுக்குள் புகுந்துவிடும். தூய பரப்பில் தெளித்த நீர் துளிகளாகத் திரளாது, ஒரே படலமாகப் பரவும். அந்நீர் முற்றிலும் உலர்ந்தபின், தூசியைத் துடைத்துப் பசையை இடலாம்.

ஒற்றைக் கலவைப் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி மெல்ல இறுகுவதாகும். மேற்புறம் காய்ந்ததைக் கண்டு வண்டியை ஓட்டினால், ஓடும் வண்டியிலிருந்து தகடு பெயர்ந்து விழ நேரிடலாம்.